சூப்பர்வைசர் போயிட்டார், வேலை இங்கேயே இருக்கு: டேலி கிளார்க் தலையில் 'இன்சார்ஜ்' பொறுப்பு

கொருக்குப்பேட்டை_லைன்:
மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ். (துறைமுகச் சரக்குப் பெட்டிகளை வைத்துத் திறந்து பிரிக்கும் யார்டு). பெயர் வேண்டாம். இம்போர்ட் டீஸ்டஃபிங் ஷெட் (இறக்குமதிப் பெட்டியிலிருந்து சரக்கை இறக்கும் இடம்), எனக்கு டேலி கிளார்க் வேலை, அதாவது இறங்கும் சரக்கை எண்ணி எழுதுவது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் பேப்பர் போட்டுவிட்டுப் போய் ஆறு வாரம் ஆகிறது, வேறு ஆள் எடுக்கவில்லை. "இனிமே நீதான் ஷெட் இன்சார்ஜ், பாத்துக்கோ" என்று வாயால் சொன்னதோடு சரி. கூலி ஆட்களை கேங்காகப் பிரிப்பது, கேட் பாஸில் கையெழுத்து, சர்வேயர் வந்தால் கூட நிற்பது, சாயங்கால ரிப்போர்ட் எல்லாம் இப்போது நான் ஒரே ஆள். டேலியும் நானே.

கணக்கு சொல்கிறேன். கிராஸ் 19,500. ஷிஃப்ட் காலை 8 முதல் 4:30, நடுவில் அரை மணி சாப்பாடு. இப்போது வெளியே வர 7 ஆகிறது, வாரம் ஆறு நாளும். போனவர் வாங்கியது 28,000. அடுத்த மாதத்திலிருந்து 'இன்சார்ஜ் அலவன்ஸ்' 1,600 தருவார்களாம். கூடவே விசிட்டிங் கார்டு: 'அசிஸ்டென்ட் மேனேஜர், ஆபரேஷன்ஸ்'. ஒத்துக்கொள்வதா, வேண்டாமா? ஒத்துக்கொண்டால் எதை எழுதி வாங்க வேண்டும்?

பெரம்பூர்_பேரோல்:
முதலில் அந்த 1,600-ஐப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

19,500-ஐ 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 750. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 93.75. ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) இரண்டு மடங்கு, ஆக 187.50. தினம் இரண்டரை மணி கூடுதல் என்றால் 26 நாளைக்கு 65 மணி நேரம். 65 × 187.50 = 12,187.50. இதுதான் ஓ.டி.யாக வந்திருக்க வேண்டிய தொகை. அவர்கள் தருவது 1,600. மணிக்கு 24 ரூபாய் 60 காசு. வழக்கமான மணிக்கூலியில் கால் பங்கு சொச்சம்தான்.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படாது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சம்பள வரம்பு 21,000. கிராஸ் முழுவதையும் கணக்கில் எடுத்தால் 19,500 + 1,600 = 21,100. நூறு ரூபாயில் வெளியே போய்விடுகிறீர்கள். ஆளிடம் பிடிக்கும் 0.75 சதவீதம், அதாவது 147 ரூபாய், கையில் நிற்கும். கம்பெனி கட்டும் 3.25 சதவீதம், சுமார் 634 ரூபாய், கம்பெனிக்கு மிச்சம். 1,600 கொடுத்து 634 மிச்சம் பிடித்தால் அவர்களுக்கு உண்மையான செலவு 966 ரூபாய். இந்தப் பக்கம் வீட்டில் நாலு பேருக்கும் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி போய்விடும். ஒரு அட்மிஷனுக்கு வெளியே என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உடனே நின்றுவிடாது என்பது மட்டும் ஆறுதல். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு சந்தா காலம். நடுவில் சம்பளம் 21,000 தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் ஓடும். செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜூன் 30 வரை உண்டு. அதற்குள் குடும்பத்துக்கு மெடிக்கல் பாலிசி ஒன்று கம்பெனி செலவில் கேட்டு வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஏற்றம் 1,500-ல் நிற்கட்டும், அல்லது 5,000-க்கு மேல் போகட்டும். இடையில் நிற்கிற எந்தத் தொகையும் நஷ்டம்தான்.

ஒரு சின்ன நுணுக்கம்: இதையே ஓ.டி. என்று காட்டினால், 21,000 தாண்டிவிட்டதா என்று பார்க்கும்போது ஓ.டி.யைச் சேர்க்க மாட்டார்கள். 'அலவன்ஸ்' என்று மாதாமாதம் போட்டால் சேரும். பெயர்தான் எல்லாம்.

ஷெட்_நம்பர்_மூணு:
பேரோல் அண்ணன் பணத்தைச் சொல்லிட்டார். நான் கையெழுத்தைப் பத்திச் சொல்றேன், அதுதான் பெரிய ஆபத்து.

டேலி எடுக்கிறவன் கண்ணு டோர்ல இருக்கணும். சீல் நம்பரைப் பில் ஆஃப் என்ட்ரியோட (கஸ்டம்ஸ்ல கொடுக்கிற இறக்குமதிப் பத்திரம்) ஒப்பிடணும். பெட்டி (கன்டெய்னர்) நம்பர்ல நாலு எழுத்து, ஏழு எண், அதுல கடைசி எண் செக் டிஜிட், மத்ததை வெச்சுக் கணக்குப் போட்டு வர்ற சரிபார்ப்பு எண். பெயின்ட் உரிஞ்சு 3 எது 8 எதுன்னு தெரியாதப்போ அதை வெச்சுத்தான் சரிபார்க்க முடியும். அப்புறம் ஒவ்வொரு பேலட்டா எண்ணி, கிழிஞ்சது நனைஞ்சது தனியா எழுதி, கதவு திறக்கும்போதும் காலியானப்புறமும் போட்டோ. நாற்பதடிப் பெட்டில ஆயிரத்துச் சொச்சம் அட்டைப்பெட்டி இருந்தா, ரெண்டு நிமிஷம் திரும்பினா பத்துப் பதினஞ்சு போயிடும்.

சூப்பர்வைசர் வேலை அப்படியில்ல. அவர் நடந்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு கேங் ரெண்டு டோர்ல இறக்கும்போது மூணாவதா கேட்ல இருந்து போன் வரும். இந்த ரெண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தா என்ன நடக்கும்? டேலி ஷீட்டை சாயங்காலம் உக்காந்து லேபர் மேஸ்திரி சொன்ன எண்ணிக்கையை வெச்சு நிரப்புவாங்க. அதுல கீழே கையெழுத்து யாரோடது? ரெண்டு மாசம் கழிச்சு பார்ட்டி (சரக்குக்காரர்) 'முப்பது கார்ட்டன் ஷார்ட்'னு கிளெய்ம் போடும்போது மெமோ அந்தக் கையெழுத்துக்குத்தான் வரும். மேனேஜர் பேர் எந்தப் பேப்பர்லயும் இருக்காது.

அதனால மேல பேசும்போது 'கஷ்டமா இருக்கு, தாங்க முடியலை'ன்னு சொல்லாதீங்க. யாருக்குத்தான் கஷ்டம் இல்லைன்னு பதில் வரும். எண்ணா சொல்லுங்க: எந்தத் தேதி எந்த ஷிஃப்ட்ல எத்தனை பெட்டி திறந்தது, ஒரே நேரத்துல எத்தனை டோர் ஓடிச்சு, அதுல எத்தனைக்கு நேர்ல டேலி எடுக்க முடிஞ்சது. பதினஞ்சு நாளைக்கு நோட்டுல எழுதினா போதும். 'ரெண்டு டோர் ஒரே நேரம்' அப்படிங்கிற வரி மூணு நாலு இடத்துல வந்தாலே மேனேஜருக்கு வயித்தக் கலக்கும். கஸ்டோடியன் லைசென்ஸ் (இறக்குமதிச் சரக்கை வெச்சுக் காக்க யார்டுக்கு இருக்கிற அனுமதி) சம்பந்தப்பட்ட விஷயம் அது.

கையெழுத்து போட்டே ஆகணும்னா: பேர், உண்மையான பதவி 'டேலி கிளார்க்', பக்கத்துல 'சூப்பர்வைசர் இடம் காலி, வாய்மொழி உத்தரவுப்படி', தேதி, மணி. ரப்பர் ஸ்டாம்பு 'சூப்பர்வைசர்'னு இருந்தா அதைத் தொடவே தொடாதீங்க.

தேரடி_சாமி:
எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். இந்தத் தொழிலில் டேலியிலிருந்து மேலே வந்தவர்கள் எல்லாருமே இப்படித்தான் வந்தார்கள். ஆள் போன இடத்தில் நின்று, வேலையைக் கற்று, ஆறு மாதத்தில் வேறு சி.எஃப்.எஸ்.ஸுக்கு சூப்பர்வைசராகப் போய்விட வேண்டியதுதான். மாதவரம் முதல் மீஞ்சூர் வரை எத்தனை யார்டு இருக்கிறது! காசு இங்கே கேட்டு வராது, அடுத்த இடத்தில் வரும்.

பெரம்பூர்_பேரோல்:
சாமி சொல்வதில் பாதி சரி. ஆனால் அடுத்த இடத்தில் முதல் கேள்வி 'சூப்பர்வைசர் எக்ஸ்பீரியன்ஸுக்கு லெட்டர் இருக்கா?' கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டில் 'டேலி கிளார்க், 19,500' என்று இருந்தால் அவர்கள் அதன்மேல் பத்து சதவீதம் போட்டு 21,450 சொல்வார்கள். ஆறு மாதம் 28,000 ரூபாய் வேலை பார்த்ததற்கு எந்த அடையாளமும் இருக்காது. கற்றுக்கொள்வதாக இருந்தாலும் கடிதத்தோடு கற்றுக்கொள்வதே நல்லது.

நோட்டீஸ்_ஒட்டும்_பலகை:
சட்டப் பக்கத்தை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

1,600-ஐ விட ஆபத்தானது அந்த விசிட்டிங் கார்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, 'நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை' வேலை நேர விதிகளிலிருந்து விலக்கிவிடுகிறது. கிடங்கும் ஃபார்வர்டிங் தொழிலும் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்குள்தான் வரும். கிளார்க்காக இருக்கும்வரை நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம், ஓ.டி.யோடு சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது; ஓ.டி.க்கு இரண்டு மடங்கு. 'மேனேஜர்' என்று ஆனதும், இதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்பு.

இப்போது நடப்பது நாளுக்குப் பத்தரை, வாரத்துக்கு 63. இரண்டு வரம்பும் தாண்டியாகிவிட்டது. அதனால்தான் ஓ.டி. என்று எழுத அவர்களுக்குக் கை வராது. எழுதினால் விதிமீறல் அவர்கள் ரிஜிஸ்டரிலேயே பதிவாகிவிடும். மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) எப்போதும் 4:30-க்கு அவுட் என்று இருக்கிறதா பாருங்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அதில் 'தொழிலாளி' என்ற வரையறையில், மேற்பார்வை வேலை செய்பவருக்குச் சம்பள வரம்பு 10,000-லிருந்து 18,000 ஆனது. 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் 'தொழிலாளி' இல்லை; சமரசம், தொழில் தீர்ப்பாயம் எல்லாம் அவருக்கு மூடிவிடும். கிராஸ் 19,500 என்று பார்த்துப் பயந்துவிட வேண்டாம். சட்டத்தில் 'ஊதியம்' என்றால் வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்றவை நீங்கலாகத்தான் கணக்கு, அந்தக் கழிவுகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சீட்டை அப்படிப் பிரித்தால் பலருக்கு 18,000-க்குக் கீழே வரும். தவிர, பதவிப் பெயரைப் பார்க்காமல் முக்கியமாகச் செய்யும் வேலையைத்தான் கோர்ட் பார்க்கும் என்பது ரொம்ப நாளாக நிலைத்த சட்டம். நாளில் ஆறு மணி நேரம் டேலி ஷீட்டோடு நிற்பவர் கார்டில் என்ன போட்டாலும் கிளார்க்தான். ஆனால் அதை நிரூபிக்க வருஷக்கணக்கில் அலைய வேண்டும். அந்தச் சண்டையே வராமல் இருக்க, பதவிப் பெயர் வேண்டாம், தொகை மட்டும் போதும் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

'முடியாது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நியாயமான உத்தரவை மீறினார் என்று மெமோ கொடுக்க அது ஒன்று போதும். வேலையைச் செய்யுங்கள், அதே நாளில் எழுதிக் கொடுங்கள். மெயிலில் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஷிஃப்ட் சூப்பர்வைசர் விலகிய இந்தத் தேதியிலிருந்து அவருடைய கீழ்க்கண்ட வேலைகளையும் சேர்த்துப் பார்க்கும்படி வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. (வேலைகள், ஒன்று ஒன்றாக.) என் டேலி வேலையும் தொடர்கிறது. இதனால் தினமும் மாலை 7 மணிவரை இருக்க வேண்டியுள்ளது. இது எந்தத் தேதி வரை என்றும், இந்தக் காலத்துக்குரிய ஓ.டி. மற்றும் பொறுப்புப் படி எவ்வளவு என்றும், இரண்டு டோர் ஒரே நேரத்தில் ஓடும்போது எந்த டேலியை விடுவது என்றும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அதுவரை உத்தரவுப்படி வேலையைத் தொடர்கிறேன்."

கடைசி வரி முக்கியம். அது இருந்தால் 'ஒத்துழைக்க மறுத்தார்' என்று யாரும் எழுத முடியாது. 'எந்த டேலியை விடுவது' என்ற கேள்வியும் வேண்டும். பதில் வராவிட்டாலும் கேட்டது பதிவில் நிற்கும்.

ஷெட்_நம்பர்_மூணு:
அந்தக் கேள்வி செம. எந்த மேனேஜரும் எழுத்துல பதில் சொல்ல மாட்டார்.

மண்ணடி_லெட்ஜர்:
ஷெட் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் இதே கூத்து மண்ணடி, சௌகார்பேட்டை மொத்தக் கடைகளில் வேறு மாதிரி நடக்கிறது, இழையைப் படிப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். பில் போடும் பையன் தலையில் ஜி.எஸ்.டி. ஃபைலிங்கைக் கட்டுவார்கள். ஜி.எஸ்.டி.ஆர்-1 பதினொன்றாம் தேதி, 3பி இருபதாம் தேதி. அதனால் மாதத்தில் பத்து நாள் ராத்திரி ஒன்பது மணி. அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். ஓ.டி.பி. வரட்டும் என்று பையனுடைய சொந்த செல் நம்பரை ஆதரைஸ்ட் சிக்னேட்டரியாக (கையெழுத்து அதிகாரம் உள்ளவராக) போடுவார்கள் பாருங்கள், அங்கேதான் நிறுத்த வேண்டும். ஃபைல் செய்தவர் அந்த நம்பர்க்காரர் என்றுதான் போர்ட்டல் சொல்லும். போலி பில் விவகாரம் எதாவது வந்தால் சம்மன் முதலில் எங்கே வரும் என்று யோசியுங்கள். டேட்டா என்ட்ரி எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், சம்பளத்தைப் பேசிக்கொள்ளலாம். ஓ.டி.பி. முதலாளி போனுக்குத்தான் போக வேண்டும். வேலையை விடும்போது நம்பர் மாற்றிய போர்ட்டல் பக்கத்தின் பிரதியை வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை_லைன்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, மஸ்டரில் 4:30 அவுட் என்றுதான் இருக்கிறது, பயோமெட்ரிக் பஞ்ச் 4:30-க்கு வைத்துவிட்டு மறுபடி உள்ளே வரச் சொல்கிறார்கள். 7 மணிவரை இருந்ததை எப்படிக் காட்டுவது? இரண்டு, சம்பளச் சீட்டு ஒரு கான்ட்ராக்டர் பெயரில் வருகிறது. அது ஏதாவது மாற்றுமா?

நோட்டீஸ்_ஒட்டும்_பலகை:
முதல் கேள்விக்கு: வாட்ஸ்அப். ஆறே முக்காலுக்கு 'அந்தப் பெட்டி டெலிவரி முடிஞ்சுதா' என்று குரூப்பில் கேட்டால், 'முடிந்தது, வண்டி கேட் தாண்டிவிட்டது' என்று எழுத்தில் பதில் போடுங்கள். போனில் சொல்லாதீர்கள். மாலை ரிப்போர்ட் மெயிலின் நேரமும் சாட்சி. கேட் பாஸில் கையெழுத்தோடு மணியையும் எழுதும் பழக்கம் வையுங்கள், அந்த அடிக்கட்டை கம்பெனியிடமே இருக்கும், பின்னால் அவர்களையே கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம். போனை மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், மூல போன் கையில் இருந்தால் வேலை சுலபம்.

ஒரு எச்சரிக்கை. பார்ட்டி பேர், சரக்கு விவரம் உள்ள ஆவணங்களை மொத்தமாகச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். ரகசியம் வெளியிட்டார் என்று திருப்பி அடிப்பார்கள். உங்கள் சம்பளச் சீட்டு, நீங்கள் எழுதிய மெயில், உங்களுக்கு வந்த உத்தரவு, இவ்வளவு போதும்.

கான்ட்ராக்டர் விஷயம் நிறைய மாற்றும். தமிழ்நாட்டில் 1981-ஆம் வருட நிரந்தரத் தகுதிச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் நிரந்தரம் கேட்கலாம். அதை முறிக்கத்தான் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் பெயரை மாற்றுவார்கள். பி.எஃப். யு.ஏ.என். பாஸ்புக்கை டவுன்லோட் செய்து பாருங்கள், நிறுவனப் பெயர் எந்த மாதம் மாறியது என்று வரிசையாக இருக்கும். பெயர் மாறினாலும் ஷெட், மேனேஜர், வேலை எல்லாம் அதேதான் என்பதற்கு உங்கள் மெயில்களும் டேலி ஷீட்டும் சாட்சி. கூடுதல் பொறுப்பு மெயிலைக் கான்ட்ராக்டருக்கும் யார்டு மேனேஜருக்கும் சேர்த்து அனுப்புங்கள். உத்தரவு போட்டது யார்டு, சம்பளம் தருவது கான்ட்ராக்டர் என்ற விஷயம் அதிலேயே பதிவாகும்.

புகார் என்று வந்தால் எங்கே போவது என்பதிலும் குழப்பம் உண்டு. சென்னைத் துறைமுகம் அல்லது எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குள் வேலை என்றால் மத்திய அரசின் தொழிலாளர் ஆபீஸ், நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன். வெளியே உள்ள தனியார் யார்டு என்றால் பொதுவாக மாநிலத் தொழிலாளர் துறை, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம். தப்பான ஆபீஸில் கொடுத்தால் மூன்று நான்கு மாதம் கழித்து 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்புவார்கள்.

தேரடி_சாமி:
சரி, கடிதம் வாங்குவது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு வாரத்திலேயே டி.எம்.எஸ். வரை போகச் சொல்லாதீர்கள். அது கடைசி. போனால் அந்த வேலையில் நிம்மதியாக இருக்க முடியாது.

நோட்டீஸ்_ஒட்டும்_பலகை:
யாரும் போகச் சொல்லவில்லை. எந்தக் கதவு என்று தெரிந்து வைத்திருக்கச் சொன்னேன். சூப்பர்வைசர் இடத்தை நிரந்தரமாக எடுத்துவிட்டு ஷிஃப்டில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்தால், 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று வாதாடவும் இடம் உண்டு. அதைத் தனியாளாகச் செய்வதைவிட ஷெட்டில் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் எடுபடும். பெரம்பூர் பக்கம் பி அண்ட் சி மில் ஆட்கள் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் குறைகளில் ஒன்று. இங்கேயும் அந்த அரை மணியில் கேட்டிலிருந்து போன் வருகிறதா? வந்து எழுந்து போனால் அது இடைவேளை இல்லை, வேலை நேரம். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

பெரம்பூர்_பேரோல்:
எவ்வளவு கேட்பது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 47,500 போன இடத்தில் இப்போது 21,100 தர நினைக்கிறார்கள். மாதம் 26,400 மிச்சம். மூன்று மாதத்துக்கு 79,200. பேச்சை 19,500-லிருந்து ஆரம்பிக்காமல் இந்த 26,400-லிருந்து ஆரம்பியுங்கள். நடைமுறையில் இரண்டு வழிக்குத்தான் மசிவார்கள்.

ஒன்று: ஏழு மணி வேலை நின்றுவிட வேண்டும், டேலிக்கு ஒரு ஜூனியர் வர வேண்டும், பொறுப்புப் படி 6,000, மூன்று மாதம் கழித்து உறுதி அல்லது பழைய வேலைக்குத் திரும்புதல். இரண்டு: ஜூனியர் இல்லை, ஆனால் சூப்பர்வைசர் பதவியும் 27,000-மும் முதல் தேதியிலிருந்து. இ.எஸ்.ஐ. இரண்டு வழியிலும் போகும்; இரண்டாவதில் ஓ.டி.யும் போகும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட வேண்டும். நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

எதுவானாலும் கடிதத்தில் 'நடைமுறைக்கு வரும் தேதி' ஆறு வாரத்துக்கு முன்னால் இருக்கட்டும். 'அடுத்த மாதத்திலிருந்து' என்று எழுதினால் அந்த ஆறு வாரம் தானமாகப் போய்விடும். வவுச்சரில், கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். சம்பளச் சீட்டில் வராத பணம் அடுத்த கம்பெனிக்கும் தெரியாது, பேங்க் லோனுக்கும் தெரியாது.

கொருக்குப்பேட்டை_லைன்:
முதல் வழியில் மெயில் தயார் செய்கிறேன். 4:30 பஞ்ச் வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்வதையும் அதிலேயே எழுதலாமா?

நோட்டீஸ்_ஒட்டும்_பலகை:
முதல் மெயிலில் வேண்டாம். அதை எழுதினால் பேச்சு முடிந்து சண்டை ஆரம்பிக்கும். 'தினமும் மாலை 7 மணிவரை' என்ற வரி போதும். அதை மறுத்து அவர்கள் பதில் போட்டால், இரண்டாவது மெயிலில் பஞ்சைப் பற்றி எழுதுங்கள், கூடவே பதினைந்து நாள் நோட்டின் பிரதியும். நாளையிலிருந்து முடிந்தால் வெளியே போகும்போதே பஞ்ச் வையுங்கள். 'ஏன் 7-க்கு வைத்தாய்' என்று யாராவது கேட்டால், அதை மெயிலில் கேட்கச் சொல்லுங்கள்.